சூசையின் பெயர் திரைக்கு வராத நாள்

மகன்,

கொழும்பில் பார்த்த கலியாண மண்டபத்தின் படங்களை அம்மாவின் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாய். அம்மா அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டிருக்கிறார்கள், குளிரூட்டி இருக்கிறது, மேடைக்குப் பூவும் அவர்களே வைப்பார்களாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "உங்கட முகத்தைப் பாத்தா செத்த வீட்டுக்கு மண்டபம் பாத்த மாதிரிக் கிடக்கு" என்றாள். வாய் திறந்தால் சத்தம் போடுவேன் என்பது அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தொலைபேசியில் கேட்டால் நீ "பிறகு கதைக்கிறன் அப்பா" என்பாய். உன்னுடைய பிறகு எவ்வளவு நீளம் என்பதை நான் நன்றாக அறிவேன். ஆகையால் எழுதுகிறேன். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மா வாசித்துவிட்டாள். ஷாமினிக்கும் வாசிக்கக் கொடு, உன்னைக் கட்டப்போகிற பிள்ளை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே கட்டட்டும். எங்கள் ஊரில், பள்ளிமுனையில், யாராவது கேட்டால் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ கலியாணத்தைக் கொழும்பில் வைப்பது ஷாமினியின் வேலைக்காகவும் இல்லை, தூரத்துக்காகவும் இல்லை. அவளுடைய ஆட்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொழும்பும் தூரம்தான். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ரெஜினாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் நீ எங்கள் கோயிலை விட்டுவிட்டு மண்டபம் தேடுகிறாய். ஷாமினிக்காக விளக்கமாக எழுதுகிறேன். நான் இங்கே மீனவர் சங்கத்தில் கிளாக்கர். நீ எழுதித்தந்த ஒரு கணினிப் புரோகிராமின் திரையைப் பார்த்து, ரெஜினாவின் புருஷன் சூசை கரையில்தான் இருக்கிறான் என்று நான் அவளுக்குச் சொன்னேன். அந்த நேரத்தில் சூசை நடுக்கடலில், தண்ணீர் ஏறுகிற ஒரு படகில் இருந்தான். அந்தக் கிழமையே நீ பஸ் ஏறினாய், அதன் பிறகு ஊருக்கு வரவில்லை. நீ வரவேண்டும், எங்கள் கோயிலில் தாலி கட்டவேண்டும். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான நியாயம்.

முதலில் எங்களிடம் இருந்தது இறங்குதுறைக் கொட்டிலில் ஒரு கரும்பலகை. எந்தப் படகில் யார் யார் போகிறார்கள் என்று வெண்கட்டியால் எழுதுவார்கள். காற்று மாறினால் பெண்கள் வந்து நின்று அதைத்தான் பார்ப்பார்கள். மழை பெய்தால் பாதிப் பெயர் வழிந்துபோகும், வலையைத் தோளில் கொண்டுபோகிறவன் உரசினால் மீதிப் பெயர் அவன் சேர்ட்டில் ஒட்டிக்கொண்டு போகும். நீ படித்து முடித்து வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை நான் கொம்பியூட்டரில செய்து தாறன்" என்றாய். சங்கத்தில் இருந்தவை இரண்டு பழைய கணினிகள். ஒன்றைக் கொட்டிலில் வைத்தாய். அங்கே பதிவு செய்யும் பிள்ளை பெயர்களைத் தட்டுவாள், பெயர்கள் எல்லாம் அந்தக் கணினியில் உள்ள டேட்டாபேஸில் கிடக்கும். மற்றது கந்தோரில் என் மேசையில். கொட்டிலுக்கும் கந்தோருக்கும் இடையில் கம்பி இல்லாத இணைப்பு. பழைய விசுவல் பேசிக்கில் எழுதினாய், அந்தக் கிழட்டு இயந்திரங்கள் அதைத்தான் தாங்கும் என்றாய்.

நீ அதை எழுதிய நாட்கள் எனக்கு நல்ல நாட்கள். குசினி மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, ஒரு கையில் பாணும் சம்பலுமாக இருப்பாய். அம்மா விசைப்பலகையில் சம்பல் கொட்டுகிறது என்று பேசிக்கொண்டே இன்னும் சம்பல் வைப்பாள். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்து, கந்தோரில் இருக்கிற புரோகிராம் கொட்டிலில் இருக்கிற பெயரை எப்படி எடுக்கிறது என்று கேட்டேன். நீ ஒரு நீளப் பட்டியலைத் திறந்து, அதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் சரி அடையாளம் போட்டாய். "புரோகிராமும் டேட்டாபேஸும் நேர கதையாதுகள் அப்பா. இது ஒரு ஒப்ஜெக்ட் லைப்ரரி. இதுதான் நடுவில நிண்டு இதின்ர கேள்வியைக் கொண்டுபோய் அங்க குடுக்கும், அங்கத்தப் பதிலை இங்க கொண்டுவரும்" என்றாய். "எங்கட மன்றாட்டைக் கடவுளிட்டக் கொண்டுபோற அந்தோனியார் மாதிரியோ?" என்று கேட்டேன். நீ பாணை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் புரைக்கேற, அம்மா உன் தலையில் தட்டினாள். "ஓம் அப்பா, அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாய். பிறகு கனெக்ஷன் என்ற ஒப்ஜெக்டின் பெயரைத் தட்டி அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாய். அது செய்யக்கூடிய வேலைகள் எல்லாம் கீழே வரிசையாக இறங்கி வந்தன. திற, மூடு, அனுப்பு. ஒரு புள்ளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். டேட்டாபேஸில் இருந்து அள்ளிக்கொண்டு வருவதை வைத்திருக்கும் ஒப்ஜெக்டுக்கு ரெக்கோட்செட் என்று பெயர் சொன்னாய். என் திரையில் நான் பார்க்கிற பெயர்கள் எல்லாம் அந்த ரெக்கோட்செட்டில் இருப்பவைதான் என்றாய். அந்த ஒரு வசனத்தை அன்றைக்கே நான் விளங்கிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு உன்னை அவசரப்படுத்தியது நான். ஒவ்வொரு பெயரையும் கொட்டிலில் கேட்டு எடுத்துக்கொண்டு வந்ததால் என் திரை இழுத்து இழுத்து நின்றது. ஒரு படகைப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குப் போவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். "உன்ர அந்தோனியார் நித்திரையோடா?" என்று உன்னைப் பகிடி பண்ணினேன், சங்கத் தலைவரின் முன்னாலும் பண்ணினேன். உனக்கு அது சுட்டிருக்கும். நீ வந்து எதையோ மாற்றினாய், திரை பறந்தது. என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "காலமை திறக்கேக்க எல்லாப் பேரையும் ஒரேயடியா அள்ளி இந்த மெசினிலயே வைச்சிருக்கும் அப்பா. பிறகு அங்க போய்க் கேக்காது. அதுதான் கெதி" என்றாய். கொட்டிலில் இடையில் ஏதும் மாறினால் என்று நான் கேட்டேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. நீதான் சொன்னாய்: "இடைக்கிடை தானாத் திரும்பக் கேட்டு எடுக்கிற மாதிரி ஒரு துண்டு எழுதவேணும். பிறகு போடுறன்." உன் பிறகு என்று மேலே எழுதினேனே, அது இதுதான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் கெதியாக வேண்டியிருந்தது, உனக்கு அப்பாவின் வாயை மூடவேண்டியிருந்தது. இரண்டு பேரும் சந்தோசமாக வீட்டுக்கு வந்து கணவாய்க் கறியோடு சாப்பிட்டோம்.

இந்த இடத்தில் ஷாமினி காதைக் கொடுத்துக் கேட்கட்டும். ஒருமுறை அள்ளிவைத்துக்கொண்டு பிறகு கேட்காமல் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு விளக்கியது உன் அம்மா. கலியாணம் கட்டிய புதிதில் அவளுக்கு மஸ்கற் என்ற இனிப்புப் பிடிக்கும் என்று சொன்னாள். அன்றிலிருந்து கொழும்புக்குப் போனாலும் வவுனியாவுக்குப் போனாலும் நான் மஸ்கற் இல்லாமல் திரும்பி வந்ததில்லை. பஸ்ஸில் நசியாமல் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். நீ தலையெடுத்த பிறகு ஒருநாள், ரெஜினா மதிலுக்கு மேலால் எட்டி, "அண்ணை, இந்த முறை மஸ்கற் கொஞ்சம் இனிப்புக் கூட" என்றாள். விசாரித்தால், நீ வயிற்றில் இருந்தபோதே அம்மாவுக்கு அந்த வாசமே பிடிக்காமல் போய்விட்டதாம். கொண்டுவருகிற மனுசனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வராமல், அவ்வளவு காலமும் ஒழுங்கை முழுக்கப் பங்கு வைத்திருக்கிறாள். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. "ஏனடி சொல்லேல்ல?" என்று கேட்டதற்கு, "நீங்கள் ஏன் திரும்பக் கேக்கேல்ல?" என்றாள். மகன், கலியாணத்துக்கு என்னிடம் புத்திமதி கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். ஷாமினியைப் பற்றி உனக்கு இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைக்குத் தெரிந்ததுதான். இடைக்கிடை திரும்பக் கேள். சலிப்பாக இருந்தாலும் கேள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எங்கள் கரையின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவனுடைய இடத்தில் கரையில் நிற்கிற இன்னொருவன் ஏறிவிடுவான். காற்று விழுந்திருக்கிற நேரத்தில் படகை மறித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர ஒருவனும் மினக்கெட மாட்டான். அன்றைக்கு ரெஜினாவின் தங்கையின் மகளுக்குக் கலியாணம். சூசை கடலுக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, விடியற்காலை சும்மா கரையைப் பார்க்க வந்தான். கைத்தொலைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. றொபேட்டுக்குக் காய்ச்சல், அவனுடைய படகில் ஓர் ஆள் குறை. மத்தியானத்துக்கு முன்னர் வந்துவிடலாம், பின்னேரம்தானே பூசை என்று சூசை ஏறிவிட்டான். கொட்டிலில் இருந்த பிள்ளை தன் வேலையைச் சரியாகச் செய்தாள். றொபேட்டின் பெயரை எடுத்துவிட்டுச் சூசையின் பெயரைப் போட்டாள். அதற்குள் நான் கந்தோரைத் திறந்து புரோகிராமையும் திறந்துவிட்டேன். நான் திறந்தது அவள் மாற்றுவதற்குக் கொஞ்சம் முந்தி. எல்லாம் அந்தக் கொஞ்சத்துக்குள்தான் நடந்தது.

மத்தியானம் சாய்ந்து ரெஜினா தொலைபேசி எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம், யாரோ பூமாலைக்குச் சண்டை பிடிக்கிற சத்தம்.

"அண்ணை, ரெஜினா கதைக்கிறன். இவரைக் காணேல்ல. எந்தப் போட்டிலயும் ஏறினவரோ?"

"பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன்." பார்த்தேன். "இல்லைப் பிள்ளை. சூசை இண்டைக்குக் கடலுக்குப் போகேல்ல."

"வடிவாப் பாத்தனீங்களே?"

"வடிவாப் பாத்திட்டன். பேர் இல்லை. கரையிலதான் எங்கையாவது நிப்பான்."

"அப்ப சரி. ஆரோடயாவது குடிச்சுப்போட்டுக் கிடப்பார். வரட்டும், குடுக்கிறன்" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். வடிவாகப் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய்யில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கொட்டிலுக்கு நடந்து போனால் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட ஆகாது. திரை இருக்கும்போது நடப்பானேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு உன் லைப்ரரியில் இருக்கவில்லை, என் தலைக்குள் இருந்தது.

வெயில் தணிகிற நேரத்தில் கொட்டில் பிள்ளை கந்தோர் வாசலுக்கு வந்தாள். "மாமா, சூசையண்ணை போன போட் இன்னும் வரேல்ல. மற்றதெல்லாம் கட்டியாச்சு. ஏதும் செய்தி வந்ததோ?" என்றாள். சூசை போகவில்லையே என்றேன். "காலமையே ஏறினவர் மாமா, றொபேட் அண்ணையின்ர இடத்துக்கு. நான் அப்பவே மாத்திட்டன்" என்றாள். நான் திரையைக் காட்டினேன். அதில் றொபேட்டின் பெயர் இருந்தது. அவள் குழம்பிப்போய், மூடித் திறக்கச் சொன்னாள். மூடினேன், திறந்தேன். றொபேட் இருந்த இடத்தில் சூசையின் பெயர் வந்து நின்றது. காலையில் இருந்தே அது கொட்டிலில் சரியாகக் கிடந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. தலைவரிடம் சொன்னேன், தேடிப்போக இரண்டு படகுகள் வெளிக்கிட்டன. அதற்குப் பிறகு நான் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது.

பூசை முடிந்து, கலியாண மண்டபத்தில் பைலாப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. ரெஜினா மைக்கைப் பிடித்துக்கொண்டு, புருஷனைக் காணவில்லை, கண்டெடுப்பவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தாள், மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் வாசலில் நின்றேன். அவள் என்னைக் கண்டுவிட்டு, "அண்ணையும் வந்திட்டார், வாங்கோ ஆடுவம்" என்று கூப்பிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மைக் கீழே விழுந்து கீச்சென்று சத்தம் போட்டதை நான் இன்னும் கேட்கிறேன். கலியாணச் சாறியோடு, கையில் செருப்போடு அவள் கரைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன், ஓடிக்கொண்டே உனக்கும் தொலைபேசி எடுத்தேன். பொழுதுபடுகிற நேரத்தில் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் நின்று, அடிப்பலகை விட்டு, மூன்று பேரும் மத்தியானத்தில் இருந்து தண்ணீர் அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். சூசையின் உள்ளங்கைகள் உரிந்திருந்தன.

அப்போது ரெஜினா சொன்னதை நீ கேட்டாய், நான் கேட்டேன், கரையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். அவள் உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. சூசையின் கையைப் பிடித்துக்கொண்டு அவனிடம்தான் சொன்னாள். "நீங்கள் அங்க தண்ணி அள்ளிக்கொண்டு கிடந்த நேரம் நான் இங்க மைக் பிடிச்சு உங்களைப் பகிடி பண்ணி ஆடினனான். பயப்பிடவேண்டிய நேரத்தில எனக்குப் பயப்பிடக்கூடக் கிடைக்கேல்ல." நீ அந்த இடத்திலிருந்து போய்விட்டாய். வீட்டுக்கு வந்து பார்த்தால், மடிக்கணினியைத் திறந்து வைத்து, திரும்பக் கேட்டு எடுக்கிற அந்தத் துண்டை எழுதிக்கொண்டிருந்தாய். உன் கண்ணால் தண்ணீர் ஓடியது. எழுதி முடிய அதைக் கொண்டுபோய் இரண்டு கணினியிலும் போட்டாய். சங்கம் அதற்குள் புரோகிராமை நிறுத்தச் சொல்லிவிட்டது. திருத்தியதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நான் உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், கெதியாக வேண்டும் என்று நின்றது நான்தான் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். நீ போன பிறகுதான் சொன்னேன். கரும்பலகை திரும்ப வந்தது. இப்போதும் மழைக்கு வழிகிறது, இப்போதும் தோளில் ஒட்டிக்கொண்டு போகிறது, ஒருவரும் அதன்மேல் கோபப்படுவதில்லை.

நீ போனது எனக்கு விளங்கியது. திரும்பி வராததுதான் விளங்கவில்லை. நத்தாருக்கு வேலை என்றாய். கோயில் திருநாளுக்குக் காய்ச்சல் என்றாய். அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபோதுகூட நேரே மன்னார் ஆசுப்பத்திரிக்கு வந்து, அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டாய். பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்தவன் வீட்டு வாசலை மிதிக்காமல் போனாய் என்று அம்மா அந்தக் கண்ணைக் கட்டிக்கொண்டே அழுதாள், அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நீ ரெஜினாவைப் பற்றி ஒன்றை அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொண்டாய். அவள் உன்னை மன்னிக்கமாட்டாள் என்று நீயே முடிவு செய்து, அதையே இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவளிடம் ஒருமுறையாவது கேட்டாயா? நானும் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு, மீன் என்ன விலை, வெயில் எப்படி என்று கதைத்துக்கொண்டு திரிந்தோம். அவள் ஒரு கலியாண வீட்டுக்கும் வருவதில்லை என்பதை அம்மாதான் கவனித்தாள். சொந்தத் தம்பியின் மகனுடைய கலியாணத்துக்கும் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினாள். எங்களைச் சந்திக்க விருப்பமில்லாமல்தான் வருவதில்லை என்று நாங்களும் ஒரு முடிவு எடுத்துக்கொண்டோம்.

போன ஞாயிறு எங்கள் கோயிலில் உன்னுடைய கலியாண அறிவித்தல் வாசித்தார்கள். நீ எங்கே கட்டினாலும் பிறந்த பங்குக் கோயிலில் வாசிக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். உன் பெயரையும் ஷாமினியின் பெயரையும் வாசித்து, கொழும்பில் நடக்கும் என்று சொல்லி, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவேண்டும் என்று பாதர் வழமையாக முடித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிய நாங்கள் நன்றி சொல்லப் பாதரின் அறைக்குப் போனோம். அங்கே ரெஜினா நின்றாள், பின்னால் சூசை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் எங்களுக்கு இடம் விடவில்லை.

"பாதர், எனக்குத் தடை இருக்கு" என்றாள்.

பாதர் கதிரையை இழுத்து நேராக இருந்தார். "என்ன தடை ரெஜினா? பொடியன் முந்திக் கட்டினவனோ? பொம்பிளைப் பிள்ளை சொந்தமோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லைப் பாதர். பொடியன் தங்கமான பொடியன். ஆனா ஊருக்கு வாறானில்லை. ஊருக்கு வராமல் அவன் கட்டப்படாது."

"அது தடையில்லைப் பிள்ளை" என்றார் பாதர்.

"எனக்குத் தடைதான். எழுதுங்கோ."

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை, மீன் விலை சொல்கிற குரல்தான். "அண்ணை, அண்டைக்குப் பிறகு நான் ஒரு கலியாண வீட்டுக்கும் போகேல்ல. பாட்டுப் போட்டா அந்தப் பின்னேரம் வந்து முன்னால நிக்குது. நீங்கள் என்ன நினைச்சியளோ தெரியாது, உங்களிலயும் பொடியனிலயும் எனக்குக் கோவம் இல்லை. ஆனா நான் திரும்ப ஒரு கலியாணத்துக்குப் போறதெண்டா அவன்ர கலியாணத்துக்குத்தான் முதல் போகவேணும். இவரைப் பக்கத்துக் கதிரையில இருத்திப்போட்டு, இவர் இருக்கிறார் எண்டு கண்ணால பாத்துப் பாத்து, நான் சிரிக்கவேணும். அதை அவன் கொழும்பில கொண்டுபோய் வைச்சா நான் என்ன செய்யிறது?"

அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் சூசையைப் பார்த்தேன், அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதர் பேனையை எடுத்து உன் பெயருக்குப் பக்கத்தில் எதையோ எழுதினார். "ரெஜினா தடை சொல்லியிருக்கிறா. பொடியனிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று என்னிடம் சொன்னார்.

கேட்கிறேன், மகன். வாறியோ?

அப்பா